புதுப் படகுக்கு மாலை போடுகிறோம், ஸ்டியரிங் எண்ணெயை யார் பார்ப்பது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கடற்கரையே இல்லாத சிவகங்கை மாவட்டத்தில் இருந்துகொண்டு டீச்சருக்குப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைப்பீர்கள். "ஆச்சி, நீங்க எப்ப கடலுக்குப் போனீங்க?" என்று பேரப்பிள்ளைகள் இப்போதே கேலி செய்கிறார்கள். ஆனால் காரைக்குடியில் பஸ் ஏறி தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி. என்னிடம் இயற்பியல் படித்த பிள்ளைகளில் சிலர் அந்தப் பக்கம் விசைப்படகில் தொழில் செய்கிறார்கள். சிலர் படகு எஞ்சின் வேலை பார்க்கிறார்கள். சிலர் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய், கடலுக்குப் போனவர் திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதில் ஒரு தம்பி சில நாள் முன்பு போனில் கேட்டான்: "டீச்சர், வீல் சுத்துது, ஆனா படகு உடனே திரும்ப மாட்டேங்குது. கேட்டா ஆயில் ஊத்துன்னு சொல்றாங்க. ஊத்தினா சரியாயிடுமா?"

ஊற்றினால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் மூடிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் தானாகக் குறையாது. எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் கடலில் வைத்து அது தன் கணக்கைத் தீர்க்கும். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். கூடவே என் கருத்து ஒன்றையும் சொல்லப் போகிறேன். படகு வாங்குவதற்கு நாம் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதைப் பராமரிப்பதில் காட்டுவதில்லை. அதற்கு மீனவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

முதலில் பாடம்.

இரண்டு சிரிஞ்சுகளை ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றொன்று வெளியே தள்ளுமே, வகுப்பில் செய்து காட்டினேன், நினைவிருக்கிறதா? பாஸ்கல் விதி. அடைத்து வைத்த திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்பது அந்த இரண்டு சிரிஞ்சுதான். வீலுக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப். பின்பக்கம் சுக்கானை, அல்லது அவுட்போர்டு எஞ்சினை, தள்ளுவதற்கு ஒரு சிலிண்டர். இரண்டையும் இணைக்கும் இரண்டு குழாய்கள். வீலை வலப்பக்கம் சுற்றினால் எண்ணெய் சிலிண்டரின் ஒரு பக்கம் போகும், இடப்பக்கம் சுற்றினால் மறுபக்கம் போகும். பம்பின் பிஸ்டன் சிறியது, சிலிண்டரின் பிஸ்டன் பெரியது. அதனால் ஒரு மனிதனின் கை பலம், அலையோடு மல்லுக்கட்டும் சுக்கானைத் திருப்புகிற பலமாக மாறுகிறது. பலத்தில் கிடைக்கும் லாபத்துக்கு, சுற்றும் தூரத்தில் விலை கொடுக்கிறோம். அதனால்தான் பல சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது.

பழைய படகுகளில் சங்கிலியும் கம்பி வடமும்தான். அதில் ஒரு நல்ல குணம் உண்டு. கம்பி வடம் சாகப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஒவ்வொரு இழையாக அறுந்து விரலில் குத்தும், சங்கிலி கறகறவென்று சத்தம் போடும். ஹைட்ராலிக் அப்படியில்லை. சத்தம் போடாமல் வேலை செய்யும், சத்தம் போடாமலே கெட்டும் போகும். இழுப்பு இல்லாமல், கை வலிக்காமல், வைத்த இடத்தில் சுக்கானைப் பிடித்து வைத்திருக்கும் நல்ல கருவி அது. பழைய வடத்துக்கே திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. தானாக முனகாத நோயாளியை நாமாகப் போய் நாடி பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நாடி பார்ப்பது எப்படி?

ஒன்று, சுற்றுகளை எண்ணுங்கள். படகு கரையில் கட்டியிருக்கும்போது வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணி, வீல் பக்கத்திலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். ஒரு சுற்றுக்கு பம்ப் 28 மில்லி லிட்டர் தள்ளுகிறது, சிலிண்டர் 140 மில்லி லிட்டர் கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 140ஐ 28ஆல் வகுத்தால் 5. ஆகவே 5 சுற்று. அடுத்த மாதம் அதே படகில் ஆறரை சுற்று ஆனால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது எண்ணெய் எங்கோ நழுவுகிறது. இதற்கு மெக்கானிக் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

இரண்டு, கோடியில் நிறுத்திப் பாருங்கள். சுக்கான் முழுதும் திரும்பி முட்டிய பிறகு வீலை மெதுவாக இன்னும் அழுத்துங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். நிற்காமல் நழுவி நழுவிச் சுற்றிக்கொண்டே இருந்தால், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் உள்ளேயே கசிவு இருக்கிறது. சிலிண்டர் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். வெளியே சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

மூன்று, எண்ணெயின் நிறம். மூடியைத் திறந்து மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்திருந்தால் சீலும் அழுக்கும் கரைகிறது. மினுமினு என்று தூள் தெரிந்தால் பம்பின் உலோகம் தேய்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எண்ணெய் ஊற்றுவது மூன்றில் எதற்கும் மருந்து அல்ல.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். ஸ்டியரிங் தயாரித்தவர் சொன்ன மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே. கடையில் கிடைத்தது, லாரிக்கு ஊற்றியதில் மிச்சம் என்று எதையும் ஊற்றக் கூடாது. குறிப்பாக பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம். அது கிளைக்கால் வகை. தாது எண்ணெய்க்காகச் செய்த ரப்பர் சீலை அது உப்ப வைத்துக் கெடுத்துவிடும். நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கப் போய், எல்லா சீலையும் மாற்ற வேண்டி வரும்.

நான்கு, காற்று. சிரிஞ்சில் ஒரு குமிழி இருந்தால் என்ன ஆகும்? நாம் அழுத்தும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், மறுமுனை அசையாது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீலைச் சுற்ற, மற்றவர் சிலிண்டரில் உள்ள நிப்பிளைத் திறந்து குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை பார்த்து மூட வேண்டும், பிறகு மறுபக்கம். அந்த நேரம் முழுவதும் மேலே எண்ணெய் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி காற்றை உறிஞ்சும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வழிந்த எண்ணெயை அப்படியே திரும்ப ஊற்றாதீர்கள். அதில் நுரையும் தூசியும் இருக்கும்.

ஐந்து, உப்பு. சிலிண்டர் தண்டின் மேல் காய்ந்த உப்பு, உப்புத்தாள் மாதிரி. தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு தடவையும் அது சீலை அறுக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துணியால் துடைத்து, அசைகிற மூட்டுகளுக்குக் கடல் கிரீஸ் வையுங்கள். ஹோஸ் எங்கே பலகையில் உரசுகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால், கடல் நீர் பட்ட மாத்திரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆகிவிடும். அதில் ஒன்று மற்றொன்றைத் தின்னும்.

இதைச் சொல்லும்போது நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது நம் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் செல்லமாகச் சொல்லும் செக்ரி. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சித் துறை. கடல் காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு பிரிவு உண்டு. கடல் இல்லாத காரைக்குடி, கடலில் உலோகம் கெடுவதைப் பற்றி இத்தனை காலம் யோசித்திருக்கிறது. அந்த அறிவில் ஒரு கைப்பிடி, தமிழில் ஒரு தாளாக, தொண்டியிலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகு கட்டும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா?

ஆறு, இதுதான் உயிர் காக்கும் விஷயம். அவசரக் கைப்பிடி. ஸ்டியரிங் முற்றிலும் போய்விட்டால் சுக்கான் தண்டின் தலையில் ஒரு இரும்புக் குழாயை மாட்டிக் கையால் திருப்பலாம். பல படகுகளில் அந்தக் குழாய் இருக்கிறது. ஆனால் மாட்டி இழுத்தால் அசையாது! ஏன்? சிலிண்டருக்குள் எண்ணெய் அடைபட்டு சுக்கானைப் பூட்டி வைத்திருக்கிறது. சிலிண்டரின் இரு பக்கத்தையும் இணைக்கும் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டால்தான் எண்ணெய் இங்கும் அங்கும் ஓடும், சுக்கான் அசையும். அந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று படகில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பகலில் தெரிந்தால் போதாது, டார்ச் இல்லாமல் கை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

"சின்னப் படகுக்கு இவ்வளவா டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெரிய கப்பலின் கதை.

1978 மார்ச் 16. அமோக்கோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல், 300 மீட்டருக்கும் மேல் நீளம். பிரான்சின் பிரிட்டனி கடற்கரைக்கு அருகே, புயலில், காலை பத்து மணிக்குச் சற்று முன்பு அதன் சுக்கான் வேலை செய்வதை நிறுத்தியது. காரணம், ஹைட்ராலிக் குழாய் இணைப்பில் இருந்த போல்ட்டுகள் அறுந்து எண்ணெய் பீறிட்டு வெளியேறியது. எஞ்சின் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், இழுவைக் கப்பலும் வந்தது. சுக்கான் மட்டும் இல்லை. இரவு ஒன்பது மணி வாக்கில் கப்பல் பாறையில் மோதியது. மாலுமிகள் ஹெலிகாப்டரில் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலில் இருந்த சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. பிரெஞ்சு மீனவர்களின் பிழைப்பு நாசமானது. பின்னர் வழக்கை விசாரித்த அமெரிக்க நீதிமன்றம், ஸ்டியரிங்கைச் சரியாகப் பராமரிக்காததையும் ஒரு காரணமாகச் சொல்லி, கப்பலை நடத்திய நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. 1981இல் கப்பல்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதிகளில் ஸ்டியரிங் பற்றிய பகுதியே கடுமையாக்கப்பட்டது.

பெரிய கப்பலுக்குச் சட்டம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் போகும் படகுக்கு?

பாக் விரிகுடாவின் நிலைமை உங்களுக்குத் தெரியும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் 1974 ஒப்பந்தப்படி ஒரு கோடு. தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது. ஸ்டியரிங் போன படகு, காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். எல்லை தாண்டுவதைப் பற்றி ஆயிரம் அரசியல் பேசலாம், அது வேறு பதிவு. ஆனால் தாண்ட வேண்டும் என்று நினைக்காமலே, ஒரு சீல் தேய்ந்ததால் அந்தப் பக்கம் மிதந்து போய்க் கைதானால், அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் போவதற்குக் காரணம் யார்? சீலா? அதை மாற்ற ஒரு நாள் ஒதுக்காத நாமா?

2017இல் ஒரு நல்ல நோக்கத்தோடு திட்டம் வந்தது. பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகள். ஒரு படகுக்கு அப்போது 80 லட்சம் ரூபாய் என்று கணக்கு. மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் 8 லட்சம். இந்த நான்கு வரியில் பராமரிப்புக்கு என்று ஐந்தாவது வரி இல்லை. பாக் விரிகுடாவில் காலையில் போய் மறுநாள் திரும்பியவர், ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரையைப் பார்க்க மாட்டார். பக்கத்துப் படகு கூப்பிடு தூரத்தில் இருக்காது. கருவி புதியது, தூரம் அதிகம், கற்றுக்கொடுப்பது மட்டும் குறைவு என்றால் எப்படி?

"எல்லாம் காசுதான் டீச்சர். டீசலுக்கும் ஐஸுக்குமே கட்டவில்லை" என்பார்கள். அந்தக் கஷ்டம் உண்மை. படகு உரிமையாளருக்கும் கடன் இருக்கிறது. ஆனால் சீலுக்குக் காசு போட வேண்டியவர் ஒருவர், சீல் போனால் உயிரைப் பணயம் வைப்பவர் வேறொருவர். இந்த இடைவெளியில்தான் பராமரிப்பு விழுந்து போகிறது. வீல் பிடிப்பவர் "இது சரியில்லை, நான் போக மாட்டேன்" என்று சொன்னால் அன்றைய கூலி போகும். சொல்லவில்லை என்றால் எது போகும் என்று தெரியாது.

நம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பங்காளிகள் கூடி ஆண்டுக்கு ஒரு தொகை போட்டு, ஓடு மாற்றி, மரத்துக்கு எண்ணெய் பூசிய வீடு இன்றும் கல்யாணம் நடத்துகிறது. "நீ போடு, நான் போடு" என்று விட்ட வீட்டின் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. கட்டியவர் பெயரை வாசலில் எழுதுகிறோம், ஓடு மாற்றியவர் பெயர் யாருக்கும் தெரியாது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. அந்த உப்புக் காற்றில், ஓயாமல் துருவைச் சுரண்டி வண்ணம் பூசிய தொழிலாளிகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

என் கோரிக்கை மூன்றுதான்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கின்றன. மீன்வளத்துறையினர் வந்து பதிவு எண், நீளம், எஞ்சின் என்று ஆய்வு செய்கிறார்கள். அந்தத் தாளில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: ஸ்டியரிங் கோடிக்குக் கோடி எத்தனை சுற்று, அவசரக் கைப்பிடி மாட்டிப் பார்த்தாயிற்றா. ஒரு படகுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது, ஒவ்வொரு இறங்குதளத்திலும் மீனவர் சங்கம் ஒரு பொதுப் பெட்டி வைக்கட்டும். சரியான எண்ணெய், சீல் செட், இரண்டு ஹோஸ், நிப்பிளுக்குரிய ஸ்பேனர். ஐம்பது படகு பங்கு போட்டால் ஒருவருக்கு அதிகம் விழாது. அவசரத்துக்கு எதையோ ஊற்றும் பழக்கம் அதோடு நிற்கும்.

மூன்றாவது, நம் பக்கத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளை அந்த 61 நாளில் இரண்டு வாரம் கடற்கரைக்கு அனுப்புங்கள். டிராக்டரும் ஜே.சி.பி.யும் பழுது பார்க்கத் தெரிந்த பையனுக்கு இந்த வேலை புதிதல்ல, உப்பு மட்டும்தான் புதிது. டிரைவர்களிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்வதும் நிறைய இருக்கும்.

செக்ரியில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, மீன்வளத்துறையில் இருக்கும் பிள்ளைகளே, பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் பிள்ளைகளே, இதில் உங்களால் முடிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் படகு, கப்பல் பட்டறைகளில் இருப்பவர்கள், அங்கே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தொண்டிப் பக்கம் உறவு உள்ளவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள், குறிப்பாக பைபாஸ் வால்வு பற்றிய பத்தியை.

அந்தத் தம்பிக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன்: சுற்றுகளை எண்ணி எழுதி, எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்துப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். மற்ற படகுக்காரப் பிள்ளைகளுக்கும் அதே வீட்டுப்பாடம்தான். மதிப்பெண் நான் போட மாட்டேன், கடல் போடும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் பழைய இயற்பியல் டீச்சர்,
காரைக்குடி